குழுக்களை ஒப்பிடும் நான்பாராமெட்ரிக் சோதனைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போகும் வழியெல்லாம் தென்னந்தோப்புகள்தாம். எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள மாணவர்கள் புள்ளியியல் பகுதியைச் சரிபார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவரும் ஆய்வேடுகளிலும் அதனால் தென்னையே மிகுதி. 2016-இல் இவ்வட்டாரத்தில் பதிவான சுருள் வெள்ளை ஈயின் எண்ணிக்கை, வேர் வாடல் நோய்க்குக் கொடுக்கும் தீவிர மதிப்பெண் போன்றவை மணி வடிவான இயல்நிலைப் பரவலுக்கு எளிதில் அடங்குவதில்லை. பல ஓலைகளில் ஓர் ஈகூட இராது. சிலவற்றில் நூற்றுக்கணக்கில் அப்பியிருக்கும். இத்தகைய தரவுக்கு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனையையும் அனோவாவையும் விட்டுவிட்டு, தமிழில் பண்பளவை சாராச் சோதனைகள் எனத்தக்க நான்பாராமெட்ரிக் சோதனைகளை நாடுவது பெரும்பாலும் நியாயமான முடிவே. ஆனால் அவற்றுக்கு நிபந்தனையே கிடையாது என்று நம்பிவிடுகிறார்கள்; சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மதிப்புகளை ஏறுவரிசையில் அடுக்கித் தர எண் கொடுப்பதால் பரவலின் வடிவம் பற்றிய நிபந்தனை தளர்கிறது. மற்றவை அப்படியே நிற்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, அளவீடுகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்பது. அண்மையில் ஒரு மாணவி இரண்டு தோப்புகளை ஒப்பிட்டிருந்தார். ஒன்றில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தது, மற்றதில் தெளிக்காதது. தோப்புக்குப் பத்து மரம், மரத்துக்கு ஆறு ஓலை. இரு குழுக்களைத் தர எண்களால் ஒப்பிடும் மான்–விட்னி சோதனையில் குழுவுக்கு 60 என்று எண்ணிக்கையை இட்டிருந்தார். ஒரே மரத்தின் ஆறு ஓலைகள் ஒரே மண்ணையும் ஒரே நிழலையும் பகிர்ந்துகொள்பவை. அவை ஆறு தனித்தனிச் சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி ஆறு முறை பேசுவதைப் போன்றவை. மர வாரியாகச் சுருக்கினால் 60 என்பது 10 ஆகிவிடும். அதோடும் முடியவில்லை. தெளிப்பு தோப்பு வாரியாகத்தான் நடந்தது என்பதால், கண்டிப்பாகப் பார்த்தால் ஒவ்வொரு பக்கமும் இருப்பது ஒரே ஓர் அலகு. 1984-இல் ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் போலிப் பிரதியாக்கம் என்று சுட்டிய குறை இதுவே. எந்தத் தரச் சோதனையாலும் இதைச் சரிசெய்ய முடியாது; களத்தில் இறங்குமுன் திட்டத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

அடுத்த தவறு நான் பார்க்கும் ஆய்வேடு ஒவ்வொன்றிலும் தலைகாட்டுகிறது: “மான்–விட்னி சோதனை இரு குழுக்களின் இடைநிலைகளை ஒப்பிடுகிறது” என்ற வாக்கியம். (இடைநிலை என்பது வரிசையில் நடுவில் நிற்கும் மதிப்பு.) வில்காக்சன் 1945-இலும், மான், விட்னி இருவரும் 1947-இலும் முன்வைத்த இச்சோதனை உண்மையில் கேட்கும் கேள்வி வேறு. ஒரு குழுவிலிருந்து ஒன்றும் மற்றதிலிருந்து ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால், இரண்டாவது பெரிதாக இருக்கும் வாய்ப்பு பாதியிலிருந்து விலகுகிறதா என்பதே அது. கற்பனையாக இரண்டு தொகுப்புகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது 2, 3, 4, 10, 11, 12, 13. இரண்டாவது 7, 8, 9, 10, 40, 41, 42. இரண்டிலும் இடைநிலை 10. ஆனால் 49 இணைகளையும் ஒப்பிட்டு, சமமானதற்கு அரை மதிப்பெண் கொடுத்தால், இரண்டாவது தொகுப்புக்கு 33.5 கிடைக்கும்; அதாவது 0.68. இதே அமைப்பில் ஒவ்வொரு குழுவும் ஐந்து மடங்கு பெரிதாக இருந்தால், இடைநிலை இம்மியும் நகராமலே பி மதிப்பு, அதாவது உண்மையில் வேறுபாடே இல்லை என்றால் இவ்வளவோ இதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு, 0.01-க்குக் கீழே போய்விடும். இரு பரவல்களும் ஒரே வடிவில் இருந்து, ஒன்று நகர்ந்து நிற்கிறது என்றால் மட்டுமே இடைநிலை வேறுபாடு என்று எழுதலாம். ஆகவே இரண்டு குழுக்களையும் முதலில் படமாக வரைந்து பாருங்கள். அரை மணி நேரம்கூட ஆகாத வேலை.

குறைந்த மாதிரிக்கு இச்சோதனைகள் கைகொடுக்கும் என்ற பேச்சையும் அளவோடு நம்ப வேண்டும். குழுவுக்கு மூன்று மரம் என்றால், ஆறு தர எண்களை இரு குழுக்களாகப் பிரிக்க 20 வழிகளே உண்டு. ஒரு குழுவின் மூன்றும் மற்றதைவிட முற்றிலும் மேலே நின்றாலும், இருபக்கச் சோதனையில் துல்லியமான பி மதிப்பு 2/20, அதாவது 0.1. எவ்வளவு வலிய மருந்து தெளித்தாலும் வழக்கமான எல்லையான 0.05-ஐத் தொட வழியில்லை. குழுவுக்கு நான்கானால் 2/70, ஏறத்தாழ 0.029 வரை இறங்கலாம். தெளிப்புக்கு முன்னும் பின்னும் அதே மரங்களை அளந்தவர்கள் மான்–விட்னியை அல்ல, இணைத் தரவுக்கான வில்காக்சன் குறித்தரச் சோதனையைப் பயன்படுத்த வேண்டும்; அங்கும் ஐந்து மரத்துக்கு 0.0625-க்குக் கீழே இறங்க இயலாது, ஆறு வேண்டும்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களுக்கு 1952-இல் வந்த கிருஸ்கல்–வாலிஸ் சோதனை இருக்கிறது. அதில் வேறுபாடு தென்பட்டதும், இணை இணையாக மான்–விட்னியை ஓட்டி, 0.05-க்குக் கீழே வந்ததையெல்லாம் பொறுக்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஒன்றையொன்று சாராத மூன்று ஒப்பீடுகளில் ஒன்றாவது தற்செயலாகத் தேறும் வாய்ப்பு 14 விழுக்காட்டைத் தாண்டும். குழுக்களை இணை இணையாக ஒப்பிடும் டன் சோதனையை, பல ஒப்பீடுகளுக்காகப் பி மதிப்பைச் சரிக்கட்டும் ஹோல்ம் திருத்தத்தோடு செய்வது ஒரு நல்ல தீர்வு. தொகுதிகளாகப் பிரித்து நட்ட சோதனைத் திடலுக்குக் கிருஸ்கல்–வாலிஸ் பொருந்தாது. அதற்கு 1937-இல் மில்டன் ஃபிரீட்மன் வகுத்த சோதனை உண்டு. பின்னாளில் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற அதே ஃபிரீட்மன்தான்.

தரவு இயல்நிலைப் பரவலிலிருந்து விலகுகிறதா என்று பார்க்கும் ஷபிரோ–வில்க் சோதனையைக் காவற்காரனாக நிறுத்தி, அதன் விடையை வைத்து டி சோதனையா தரச் சோதனையா என்று முடிவெடுக்கும் பழக்கத்தையும் நான் ஊக்குவிப்பதில்லை. மாதிரி சிறிதானால் அது கோணலைக் காண்பதில்லை. பெரிதானால் அற்பக் கோணலுக்கும் கூச்சலிடும். தரவு இயல்நிலைப் பரவலிலேயே இருந்தாலும், பெரிய மாதிரிகளில் டி சோதனையோடு ஒப்பிட வில்காக்சனின் திறன் 95 விழுக்காடு, இழப்பு சிறிது. எனவே எந்தச் சோதனை என்பதைத் தரவின் தன்மையை வைத்து முன்கூட்டியே எழுதிவைப்பது மேல்.

அந்த மாணவியின் ஏட்டில் “பி மதிப்பு 0.05-க்குக் கீழ், எனவே வேறுபாடு உண்டு” என்றே முடிவு இருந்தது. நாங்கள் அதை அடித்துவிட்டு, மரத்துக்கு ஓர் எண்ணாகச் சுருக்கிக் கணக்கிட்டு, ஒரு தோப்பின் மரம் மற்றத் தோப்பின் மரத்தைவிட அதிக ஈ தாங்கும் வாய்ப்பையும், அம்மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியையும் எழுதினோம். கீழே, இது இரண்டே தோப்புகளின் ஒப்பீடு, தெளிப்பின் விளைவைத் தோப்பின் விளைவிலிருந்து பிரிக்க இயலாது என்று ஒரு வரி சேர்த்தோம்.