மோட்டார்ஹோம் ஜெனரேட்டருக்கு ஆட்டோ ஸ்டார்ட்: முதலில் பூட்டு, பிறகு வயர்

மோட்டார்ஹோம் என்கிற வீட்டு வண்டியில், பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டரைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோ ஸ்டார்ட் பொருத்துவது நான்கு வயர் சமாச்சாரம். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் அரை நாளில் முடியும். எந்தெந்த வேளையில் அது தானாகக் கிளம்பவே கூடாது என்பதற்குத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். மூடிய கராஜில் வண்டி நிற்கும்போது பேட்டரி இறங்கி ஜெனரேட்டர் தானே ஓடத் தொடங்கினால், கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும். அதனால் வாங்கும் பட்டியலில் முதல் பொருள், தானாகக் கிளம்பாமல் தடுக்கும் பூட்டாக ஒரு ஆன்-ஆஃப் ஸ்விட்ச்; ஆட்டோ ஸ்டார்ட் வேலையைச் செய்யும் மாட்யூல் அதற்கு அப்புறம்.

அமெரிக்க வண்டிகளில் பரவலாக இருக்கும் ஓனன் கம்பெனியின் பெட்ரோல் ஜெனரேட்டரையே எடுத்துக்கொள்வோம். டேஷ்போர்டு ஸ்விட்சை ஒரு பக்கம் அமுக்கினால் ஸ்டார்ட் வயர் எர்த்தோடு சேரும்; மறுபக்கம் அமுக்கினால் ஸ்டாப் வயர் சேரும். கையை எடுத்ததும் ஸ்விட்ச் நடுவுக்கு வந்துவிடும், இன்ஜின் பாட்டுக்கு ஓடும். இன்னொரு வயரில் இன்ஜின் ஓடும்போது மட்டும் 12 வோல்ட் வரும். ஸ்விட்சில் விளக்கு எரிவது அதனால்தான். மாட்யூல் இதே வேலையை இரண்டு ரிலேக்களால் (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சுகள்) செய்கிறது. மாட்யூலில் ஜெனரேட்டர் வகையைத் தேர்வு செய்ய ஜம்பரோ (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) செட்டிங்கோ இருந்தால், ஸ்டார்ட்டும் ஸ்டாப்பும் தனித்தனியாக உள்ள வகைக்கு மாற்றுங்கள்.

மாட்யூல் தவிர, 18 கேஜ் நான்கு கோர் வயர், மாட்யூல் கையேடு சொல்லும் அளவில் ஒரு பியூஸ், கிரிம்ப் ஜாயின்ட் (அழுத்தி இறுக்கும் இணைப்பு), கேபிள் டை வேண்டும். வயரைக் கீறிக் கவ்வும் கிளிப் ஜாயின்ட் வேண்டாம்; வண்டி அதிர்வில் சீக்கிரமே லூஸ் காண்டாக்ட் ஆகிவிடும். மாட்யூலை ஜெனரேட்டர் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அங்கே சூடு, அதிர்வு, பெட்ரோல் ஆவி மூன்றும் உண்டு. டேஷ்போர்டுக்குப் பின்னாலோ இன்வெர்ட்டர் பக்கத்திலோ ஈரம் படாத இடம் போதும்.

வயர் நிறத்தை நம்பி இணைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. வண்டி கட்டுபவர்கள் அவரவர் இஷ்டத்துக்கு நிறம் போடுவார்கள். ஸ்விட்சைக் கழற்றி முன்னால் இழுத்து, முதலில் எர்த் எது என்று மீட்டரைக் கன்டின்யுயிட்டியில் (இணைப்பு இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்துக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒரு சின்ன வயரால் மற்றவற்றை ஒவ்வொன்றாக எர்த்தில் தொட்டுப் பார்க்கலாம். ஸ்விட்சில் பேட்டரியின் நேரடி 12 வோல்ட் வருகிற வயர் ஏதும் இருந்தால் அதைத் தொடாதீர்கள், பியூஸ் போகும். மீட்டரால் முன்பே ஒதுக்கிவிடுங்கள். செல்ஃப் எடுத்தால் அது ஸ்டார்ட். நின்றிருக்கும் ஜெனரேட்டரில் பெட்ரோல் பம்ப் டிக்டிக் என்று அடித்தால் அது ஸ்டாப். புதிய மாடல்களில் அதே வயர்தான் பிரைமிங்குக்கும், அதாவது கிளப்புமுன் பெட்ரோலை ஏற்றுவதற்கும். ஜெனரேட்டரை ஓடவிட்டு, 12 வோல்ட்டுக்கு மேல் காட்டி, நிறுத்தியதும் பூஜ்யமாகும் வயர் ரன் சிக்னல்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு இணையுங்கள். இரண்டு ரிலேக்களின் காமன் எனும் பொது முனையும் எர்த்துக்கு. நார்மலி ஓப்பன் முனைகளில் (ரிலே இயங்கும்போது மட்டும் காமனோடு சேர்பவை) ஒன்று ஸ்டார்ட் வயருக்கு, மற்றது ஸ்டாப் வயருக்கு. ரன் சிக்னல் மாட்யூலின் சென்ஸ் முனைக்கு. பழைய ஸ்விட்சை நீக்க வேண்டாம். எல்லாம் அதற்கு இணையாகவே வரும். ஸ்டார்ட், ஸ்டாப் வயர்களில் 12 வோல்ட் பாசிட்டிவ் தவறியும் படக்கூடாது, கன்ட்ரோல் போர்டு புகைந்துவிடும்.

பூட்டு ஸ்விட்சை மாட்யூலின் பவரில் போடுவதுதான் சுலபம் என்று தோன்றும். போடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பவரை வெட்டினால், நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். மாட்யூலிலிருந்து போகும் ஸ்டார்ட் வயரில் மட்டும் போட்டால், பூட்டிய பிறகும் ஸ்டாப் வேலை செய்யும். கராஜ், சர்வீஸ், பெட்ரோல் போடும் நேரம், எல்லாவற்றிலும் பூட்டு.

அடுத்து செட்டிங். 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.1 காட்டினால் ஏறக்குறைய பாதி காலி. ஆனால் இன்வெர்ட்டரில் மைக்ரோவேவ் ஓடினால் நூறு ஆம்புக்கு மேல் இழுக்கும். பேட்டரி நிறைந்திருந்தாலும் வோல்ட் சட்டென்று இறங்கும். தாமதம் வைக்காவிட்டால் பாப்கார்ன் பொரிக்கும்போதெல்லாம் ஜெனரேட்டர் கிளம்பும். 12.0 வோல்ட்டில், 10 நிமிடம் தொடர்ந்து இருந்தால் என்று தொடங்கிப் பாருங்கள். ரொம்பக் கீழேயும் இறக்காதீர்கள்: பெரும்பாலான வண்டிகளில் செல்ஃப் எடுப்பதும் வண்டிக்குள் விளக்கு, இன்வெர்ட்டருக்கெல்லாம் மின்சாரம் தரும் அதே ஹவுஸ் பேட்டரிதான். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி கடைசி நெருங்கும் வரை கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டைக் காட்டும் ஆசாமி, அதற்கு ஷன்ட் (பேட்டரியில் போய்வரும் மின்னோட்டத்தை அளக்கும் கருவி) வைத்து சார்ஜ் சதவீதத்தில் இயக்குவதே சரி.

ஸ்டார்ட் ஆனதும் வண்டியின் மின்சாரத்தை ஜெனரேட்டருக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் சில நொடி கழித்துத்தான் லோடை மாற்றும். வார்ம்-அப்பாக இன்னும் ஒரு நிமிடம் கொடுங்கள். நிறுத்துமுன் லோடை விலக்கி இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். குளிரில் முதல் முயற்சியில் பிடிக்காமல் போகலாம். முயற்சி எண்ணிக்கையை மூன்றோடு நிறுத்தி, நடுவே செல்ஃப் மோட்டார் ஆற இடைவெளி விடுங்கள். ஸ்விட்ச் விளக்கு நான்கு முறை மினுக்கி நின்றால் ஓவர்-கிராங்க், அதாவது செல்ஃப் அதிக நேரம் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை; பெரும்பாலும் பெட்ரோல் ஏறவில்லை. வண்டி டேங்கில் கால் பங்குக்குக் கீழே போனால் ஜெனரேட்டருக்கு எடுக்கும் குழாய் எட்டாதபடி வைத்திருப்பார்கள், ஊர் போய்ச் சேர பெட்ரோல் மிஞ்சட்டும் என்று.

இன்ஜின் ஓடும்போதே மாட்யூல் மறுபடி செல்ஃப் எடுக்கப் பார்த்தால் ரன் சிக்னல் வரவில்லை என்று பொருள். முதலில் அந்த ஜாயின்டைப் பாருங்கள்.

கடைசியாக, ஜெனரேட்டர் ஓடக்கூடாத அமைதி நேரம். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்கா கேம்ப்கிரவுண்டுகளில் காலை 7–9, மதியம் 12–2, மாலை 5–7 மட்டுமே ஜெனரேட்டர் ஓட்டலாம். பல மாட்யூல்களில் ஒரே ஒரு அமைதி இடைவெளிதான் வைக்க முடியும். அப்படியானால் அதை இரவுக்கு வைத்துவிட்டு, பகலில் மற்ற நேரங்களில் பூட்டைப் போட்டுவிடுங்கள்.