சிக்லிட் தொட்டியில் சண்டையைக் குறைப்பது எப்படி?

சிக்லிட் குடும்பத்து மீன்கள் சண்டை போடுவதைப் பார்த்ததும் கையில் வலையை எடுக்காதீர்கள். கால் மணி நேரம் தொட்டிக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்து, எது எதைத் துரத்துகிறது, எந்த இடத்துக்குப் போனதும் துரத்துவதை நிறுத்துகிறது என்று கவனியுங்கள். இடத்துக்கான சண்டை, பெண் மீனுக்கான சண்டை, குஞ்சுகளைக் காக்கும் சண்டை, மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களோடு தென் அமெரிக்க சிக்லிட்டான ஆஸ்கரைச் சேர்க்கவே வேண்டாம். மலாவி மீன்களுக்கு பிஎச் 8-ஐ ஒட்டிய கடினமான தண்ணீர் வேண்டும், அதிலும் எம்புனா எனப்படும் பாறையிடுக்கு மீன்கள் பாறைப்பாசி மேய்கிறவை, ஆஸ்கருக்கோ புழு பூச்சி இறால்தான் தீனி.

எம்புனா தொட்டியில் பெரும்பாலும் பிரச்சினை ஆண்களால்தான். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்களாவது இருந்தால் ஒரே பெண் நாள் முழுக்க விரட்டுப்பட்டுச் சாகாது. நிறமும் முக்கியம்: கென்யி என்ற எம்புனா இனத்தின் ஆண் வளர்ந்ததும் நீலம் போய் மஞ்சளாகிவிடும், அப்புறம் சாதுவான மஞ்சள் எம்புனாவான யெல்லோ லேப்பைக்கூடப் போட்டிக்கு வந்த இன்னொரு ஆணாக நினைத்துத் தாக்கலாம், அதனால் நிறமும் கோடுகளும் ஒத்துப்போகிற இனங்களைச் சேர்த்து வாங்காதீர்கள். ஆரேட்டஸ் என்ற எம்புனா குட்டியாக இருக்கும்போது அழகாக இருக்கிறதே என்று பலரும் வாங்குகிறார்கள், வளர்ந்ததும் அது மூர்க்கமாகிவிடும் என்பதால் பல இனங்கள் சேர்ந்த கலப்புத் தொட்டிக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து.

எம்புனாவைக் கொஞ்சம் நெருக்கமாக வைத்தால் அடி ஒரே மீன்மேல் விழாமல் பரவும். நான்கு அடி நீளத் தொட்டியில் 15 முதல் 20 வரை வைக்கலாம், ஆனால் ஃபில்டர் பலமானதாக இருக்க வேண்டும், வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீராவது மாற்ற வேண்டும். இதே கணக்கை ஜாக் டெம்ப்சி, கன்விக்ட் போன்ற மத்திய அமெரிக்க மீன்களுக்குப் போடாதீர்கள், அவற்றுக்கு இடம்தான் மருந்து. கன்விக்ட் ஜோடி முட்டையிட்டுவிட்டால் பாதித் தொட்டியை வளைத்துப் போட்டுக்கொண்டு தன்னைவிடப் பெரிய மீனையும் விரட்டும். தடுப்பு போடுங்கள் அல்லது ஜோடியைத் தனியே மாற்றுங்கள்.

பாறைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி அடுக்குங்கள், கண்ணில் படாத மீனைத் துரத்த முடியாது. முதலில் பாறை, அதன்பிறகே மணல், ஏனென்றால் இவை தோண்டித் தோண்டிப் பாறையைச் சரித்துவிடும். வெப்பத்தை 25, 26 டிகிரியில் வையுங்கள், சூடு ஏற ஏற முறைப்பும் ஏறும்.

புது மீன்களை ஒன்றொன்றாக விடாமல் சிலவற்றைச் சேர்த்தே விடுங்கள். அதற்கு முன் பாறைகளை மாற்றி அடுக்கிவிட்டு விளக்கையும் அணைத்துவிட்டால் பழைய மீன்களும் எல்லை தெரியாமல் தடுமாறும், அந்த இடைவெளியில் புதியவை ஒளிய இடம் பிடித்துக்கொள்ளும்.

ஏதாவது ஒரு மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, மேல் மூலையில் ஹீட்டருக்குப் பின்னால் ஒதுங்கி, சாப்பிட வராமல் இருந்தால் அன்றே வெளியே எடுங்கள். அதோடு நிறுத்தினால் ரவுடி அடுத்த மீனைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே அதையும் சில நாள் வேறு தொட்டியில் வைத்து, பாறைகளை மாற்றிவிட்டுத் திரும்ப விடுங்கள். பழைய எல்லை கலைந்திருப்பதால் பெரும்பாலும் கொஞ்சம் அடங்கும். அடங்கவில்லை என்றால், அதற்குத் தனித் தொட்டிதான்.