அலுவலகக் கணினிகளுக்கு அப்டேட் போடுவது எப்படி? சிறு அலுவலகத்துக்கான செய்முறை விளக்கம்

2017 மார்ச் 14 அன்று, விண்டோஸின் கோப்புப் பகிர்வுப் பகுதியில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதே ஓட்டை வழியாக மே 12 அன்று வான்னாக்ரை என்ற, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் நுழைந்தது. நடுவில் 59 நாட்கள் இருந்தன. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார சேவையில் 236 டிரஸ்டுகளில் (மருத்துவ சேவைகளை நடத்தும் அமைப்புகள்) குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. தொற்று ஏறிய கணினிகளில் பெரும்பாலானவை அப்டேட் போடாத விண்டோஸ் 7. மருந்து கடையில் இருந்தும் நோயாளியின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

அப்டேட் வெளியாவது மைக்ரோசாஃப்டின் வேலை. அது உங்கள் அலுவலகத்தின் கடைசிக் கணினி வரை போய், ரீஸ்டார்ட் ஆகி, உண்மையிலேயே ஏறியதா என்று பார்ப்பது உங்கள் வேலை. இருபது முப்பது விண்டோஸ் கணினிகளும் ஒரு டொமைன் சர்வரும் (கணினிகளையும் பயனர் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் சர்வர்) உள்ள அலுவலகத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு புதிதாக உங்கள் தலையில் வந்திருந்தால் இங்கிருந்து தொடங்கலாம்.

படி 1: பட்டியல் போடுங்கள்

ஒரு எக்செல் ஷீட் போதும். கணினியின் பெயர், யார் பயன்படுத்துகிறார், எந்தத் துறை, விண்டோஸ் பதிப்பு, ப்ரோவா ஹோமா, என்னென்ன மென்பொருள், கடைசியாக எப்போது அப்டேட் ஏறியது என்று பத்திகள் வையுங்கள். ஒவ்வொரு கணினியிலும் ரன் பெட்டியைத் திறந்து 'வின்வெர்' (winver) என்று ஆங்கிலத்தில் தட்டினால் பதிப்பு எண் வரும்.

மேசைக்கு மேசை நடந்து போய் எழுதுங்கள். வரவேற்பறையில் சிசிடிவி ஓடும் பழைய கணினி, கிடங்கில் பார்கோடு அடிக்க வைத்த கணினி, முதலாளி வீட்டுக்கு எடுத்துப் போகும் லேப்டாப் எல்லாம் உட்கார்ந்த இடத்தில் நினைவுக்கு வராது. தாக்குதல் அவற்றில் தொடங்கவும் வாய்ப்பு உண்டு.

பட்டியல் முடிந்ததும் இரண்டு விஷயங்களைத் தனியே குறியுங்கள். முதலாவது, விண்டோஸ் 10 உள்ளவை. அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 (கணினிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப்) உள்ளிட்ட தகுதி இருந்தால் விண்டோஸ் 11-க்கு மாற்றுங்கள். இல்லையென்றால் நீட்டிப்புத் திட்டத்தில் சேருங்கள் அல்லது கணினியையே மாற்றுங்கள். இரண்டாவது, ஹோம் பதிப்பு உள்ளவை. சர்வரிலிருந்தே எல்லாக் கணினிக்கும் ஒரே அமைப்பை விதிக்கும் குரூப் பாலிசி அவற்றில் வேலை செய்யாது, டொமைனிலும் சேராது. ப்ரோ உரிமம் வாங்க முதலாளியிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

படி 2: கணினிகளை மூன்று குழுவாகப் பிரியுங்கள்

எல்லாக் கணினிக்கும் ஒரே நாளில் அப்டேட் தள்ளக்கூடாது. 2021 மார்ச் மாத அப்டேட் ஏறிய பிறகு, கியோசெரா, ரிக்கோ, ஜீப்ரா பிரிண்டர் சிலவற்றுக்கு பிரிண்ட் கொடுத்ததுமே கணினி நீலத் திரை காட்டி விழுந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான அப்டேட், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது, விமானங்கள் நின்றன. அந்த அப்டேட் படிப்படியாகப் போயிருந்தால் பாதிப்பு ஒரு மூலையோடு நின்றிருக்கும்.

சோதனைக் குழுவில் மூன்று நான்கு கணினிகள் போதும், ஆனால் அவை எப்படிப்பட்டவை என்பது முக்கியம். உங்கள் கணினியை மட்டும் வைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. அதில் கணக்கு எழுதும் டாலியும் இல்லை, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் இல்லை, பில் அடிக்கும் பிரிண்டரும் இல்லை. துறைக்கு ஒன்றாக எடுங்கள். கணக்குப் பிரிவில் பொறுமையான ஒருவரைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்டேட் ஏறியதும் புதன்கிழமை காலை அவர் செய்யவேண்டியது ஒரு பில் பிரிண்ட், ஒரு டோக்கன் லாகின், ஒரு டாலி பேக்கப்.

இரண்டாவது குழுவில் மற்ற எல்லாக் கணினிகளும் வரும். மூன்றாவதில் சர்வரும், ஏதாவது இயந்திரத்தோடு இணைந்த கணினியும். இந்த மூன்றாம் குழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை பேக்கப் எடுத்த பிறகு, பக்கத்தில் இருந்து கையால் போடுவதே நல்லது என்பது என் கருத்து.

படி 3: நாட்காட்டி

மைக்ரோசாஃப்டின் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று வரும். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்பது, இந்திய, இலங்கை நேரப்படி கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. ஆக, நமக்குப் புதன் காலை என்று வைத்துக்கொள்ளலாம்.

புதன், வியாழன் இரண்டு நாளும் சோதனைக் குழு பார்க்கட்டும். பிரச்சினை இல்லையென்றால் வெள்ளி காலை மற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டும். சனிக்கிழமை வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லோரும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சனி விடுமுறை என்றால் வெள்ளி மாலை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் செவ்வாய் எப்போதும் 8-க்கும் 14-க்கும் இடையில்தான் வரும்; அதை அடுத்த சனி 12-க்கும் 18-க்கும் இடையில். இந்தியாவில் மாதாமாதம் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நிறுவனங்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1-இன் வழக்கமான கடைசி நாள் 11, ஜிஎஸ்டிஆர்-3பி-க்கு 20. அந்தச் சனிக்கிழமை இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. "ரிட்டர்ன் போடுற நேரத்துல கணினியைத் தொடாதீங்க" என்று கணக்காளர் சொல்வது நியாயமான கவலை. இந்த நாட்காட்டியைக் காட்டினால் அவரும் ஒத்துக்கொள்வார்.

கணக்குப் பிரிவுக்கு மட்டும் இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போடலாமே என்று தோன்றும். வேண்டாம். முகம் தெரியாதவர் அனுப்பும் 'இன்வாய்ஸ்' இணைப்பைத் திறந்து பார்ப்பதே அவர்கள் வேலை. அலுவலகத்தில் முதலில் பாதுகாக்க வேண்டிய கணினிகள் அவர்களுடையவை.

படி 4: குரூப் பாலிசியில் அமைப்பது

டொமைன் சர்வரில் கணினிகளின் பதிவேடாக இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் கணினிகளைக் குழு வாரியாக மூன்று பிரிவுகளுக்குள் நகர்த்துங்கள். பிறகு குரூப் பாலிசி மேனேஜ்மென்டைத் திறந்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பாலிசி உருவாக்கி இணையுங்கள். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்பொனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட் என்ற வரிசையில் உள்ளே போனால் தேவையானவை கிடைக்கும். சர்வரில் டெம்ப்ளேட் (பாலிசி அமைப்புகளின் பட்டியலைத் தரும் கோப்பு) பழையதாக இருந்தால் சில அமைப்புகள் கண்ணில் படாது. விண்டோஸ் 11-க்கான புதிய டெம்ப்ளேட்டுகளை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிச் சேருங்கள்.

குவாலிட்டி அப்டேட்டை, அதாவது மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை, எத்தனை நாள் தள்ளி வாங்குவது என்று ஓர் அமைப்பு இருக்கும். அதிகபட்சம் 30 நாள் வரை வைக்கலாம். சோதனைக் குழுவுக்கு 0, இரண்டாம் குழுவுக்கு 2, மூன்றாம் குழுவுக்கு 7 என்று கொடுங்கள். மூன்றாம் குழுவில் அப்டேட் தானாக ஏறாமல், அறிவிப்பு மட்டும் வரும்படி வையுங்கள்.

அடுத்தது டெட்லைன். புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் இதை விட்டுவிடுவதால்தான் பாதிக் கணினிகளில் அப்டேட் இறங்கியும் ஏறாமல் கிடக்கிறது. இரண்டாம் குழுவுக்கு டெட்லைன் 2 நாள், கிரேஸ் பீரியட் 1 நாள் என்று வையுங்கள். அந்தக் கெடு முடியும்வரை ரீஸ்டார்ட் நேரத்தைப் பயனர் தேர்ந்தெடுக்கலாம். முடிந்தால் கணினி தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும். விடுப்பிலிருந்து திரும்பி வந்து கணினியைப் போடுகிறவருக்கு, உட்கார்ந்த உடனே ரீஸ்டார்ட் ஆகாமல் கிரேஸ் பீரியட் அவகாசம் தரும்.

இணைய வேகம் குறைந்த இடமென்றால் டெலிவரி ஆப்டிமைசேஷனை உள்வலையமைப்புக்கு மட்டும் என்று வையுங்கள். ஒரு கணினி இறக்கிய கோப்பைப் பக்கத்துக் கணினிகள் அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் அப்டேட்டை அலுவலகத்துக்குள்ளேயே சேமித்து விநியோகிக்கும் டபிள்யூசஸ் சர்வர் போட வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. புதிதாகப் போட வேண்டாம். அதில் இனி புதிய வசதிகளைச் சேர்க்கப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2024-இல் அறிவித்துவிட்டது. டொமைன் சர்வரே இல்லாத அலுவலகமானால், இணையம் வழியாகக் கணினிகளை நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் நல்ல வழி. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் சந்தாவிலேயே அது அடங்கும், இதே நாள் கணக்கை அதிலும் வைக்கலாம்.

படி 5: விண்டோஸ் அல்லாத மென்பொருள்

குரோம் தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும். அதை மூடித் திறந்தால்தான் புதிய பதிப்பு ஓடும். சிக்கல் வின்ரார், 7-ஜிப் போன்ற, சுருக்கிய கோப்பைத் திறக்கும் மென்பொருள்களில். அவை தாமாக அப்டேட் ஆவதில்லை. 2023-இல் வின்ராரில் இருந்த ஓட்டை அப்படித்தான் பயன்பட்டது: ஜிப் கோப்புக்குள் இருக்கும் படத்தைத் திறந்தால் பின்னால் வேறு நிரல் ஓடும். அந்த ஆகஸ்டில் வந்த 6.23 பதிப்பு அதைச் சரிசெய்தது. பழைய வின்ராரை வருடக்கணக்காக அப்படியே வைத்திருக்கும் கணினிகளுக்கு அந்தத் திருத்தம் போகவே இல்லை.

முதலில் தேவையற்றதை நீக்குங்கள். ஜிப் கோப்பை விண்டோஸே திறக்கும். இல்லாத மென்பொருளுக்கு அப்டேட் தேவையில்லை.

மீதமுள்ளதை எம்எஸ்ஐ என்ற நிறுவல் கோப்பாக வாங்கி குரூப் பாலிசியின் சாஃப்ட்வேர் இன்ஸ்டாலேஷன் வழியாக அனுப்பலாம். மூன்று இடங்களில் கவனம் தேவை. கோப்பு இருக்கும் பகிர்வுக்கு 'டொமைன் கம்ப்யூட்டர்ஸ்' குழுவுக்குப் படிக்கும் அனுமதி கொடுங்கள். பயனருக்கு மட்டும் கொடுத்தால் நிறுவல் நடக்காது, ஏனென்றால் லாகினுக்கு முன்பே கணினியே போய் அந்தக் கோப்பை எடுக்கிறது. கோப்பைச் சுட்டும்போது சர்வர் பெயரோடு முழு வலையமைப்புப் பாதையைக் கொடுங்கள், டிரைவ் எழுத்தைக் கொடுக்காதீர்கள். தொடக்கத்தில் வலையமைப்புக்காகக் காத்திருக்கச் சொல்லும் பாலிசியையும் இயக்கிவிடுங்கள்.

ஊழியர்களின் கணக்கிலிருந்து அட்மின் உரிமையை எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை நீங்கள் நீக்கிய மென்பொருள் அடுத்த வாரம் வேறு வடிவில் திரும்பி வரும்.

படி 6: ஏறியதா என்று பாருங்கள்

திங்கள் காலை அந்த எக்செல் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் ஹிஸ்டரியைப் பாருங்கள். அந்த மாதத்து கேபி எண் (ஒவ்வோர் அப்டேட்டுக்கும் மைக்ரோசாஃப்ட் தரும் அடையாள எண்) 'வெற்றி' என்று இருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் சிபியுவில் அப்டைமையும் (கடைசியாக முழுதாகத் தொடங்கியதிலிருந்து ஓடும் நேரம்) பாருங்கள்.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு விஷயம் இருக்கிறது. "தினமும் ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் போறேன் சார்" என்பார் ஊழியர். அவர் சொல்வது உண்மைதான், ஆனாலும் அப்டைம் பத்து நாளுக்கு மேல் காட்டும். கணினியை விரைவாகத் திறக்க விண்டோஸில் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கும்போது ஷட் டவுன் முழுமையாக நடப்பதில்லை. விண்டோஸின் மையப் பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்ப எடுக்கப்படுகிறது. தொடக்கத்தில் நடக்க வேண்டிய மென்பொருள் நிறுவல்களும் இதனால் தவறலாம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்துவிடுங்கள். கணினி திறக்கச் சில நொடி கூடுவதை ஊழியர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று மெயின் சுவிட்ச். கடைசியாகக் கிளம்புகிறவர் அலுவலகம் முழுவதும் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும் கணினிக்கு அது கேடு. அந்தச் சனிக்கிழமை மட்டும் "எல்லாத் திரையும் அணைஞ்ச பிறகு மெயின் சுவிட்சை அணைங்கண்ணே" என்று காவலாளியிடம் நேரில் சொல்லுங்கள். எந்தப் பாலிசியும் இதைச் செய்து தராது.

படி 7: உடைந்தால் என்ன செய்வது

சோதனைக் குழுவில் சிக்கல் தெரிந்தால் முதலில் இரண்டாம் குழுவின் பாலிசியில் குவாலிட்டி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். 35 நாள் வரை நிற்கும். பிறகு பாதித்த கணினியில் அப்டேட் ஹிஸ்டரிக்குள் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' மூலம் அதை நீக்குங்கள். மாத அப்டேட்டுகள் முந்தையவற்றையும் சேர்த்தே வருவதால், அடுத்து வரும் திருத்திய அப்டேட்டைப் போட்டால் விட்டுப்போனது எல்லாம் சேர்ந்து ஏறிவிடும்.

கணினி திறக்கவே இல்லையென்றால் வட்டைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீ தேவைப்படலாம். கிரவுட்ஸ்ட்ரைக் சிக்கலின்போது பல நிறுவனங்களில் மீட்பு தாமதமானதற்கு இந்த 48 இலக்க எண் கைக்குக் கிடைக்காததும் ஒரு காரணம். எல்லாக் கணினியின் கீயையும் ஆக்டிவ் டைரக்டரியில் சேமிக்கும்படி பாலிசி வையுங்கள். ஒரு பிரதியைக் காகிதத்தில் அச்சிட்டு, பூட்டிய அலமாரியில் வைத்திருங்கள். சர்வரே விழுந்தால் சர்வரில் உள்ள கீ உதவாது.

சில அப்டேட்டுகளுக்கு இந்த நாட்காட்டி பொருந்தாது. அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, தாக்குதலில் ஏற்கெனவே பயன்படும் ஓட்டைகளின் பட்டியலை 2021 நவம்பரிலிருந்து வெளியிட்டு வருகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரிக்கைகளையும் மின்னஞ்சலில் பெறுங்கள். உங்களிடம் உள்ள மென்பொருள் சிசா பட்டியலில் ஏறிவிட்டால், சோதனைக் குழுவுக்கு ஒரு காலைப்பொழுது போதும். அன்று மாலையே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். கணக்காளர் கோபித்துக்கொண்டால் முதலாளியை வைத்துப் பேசுங்கள், ஆனால் அனுப்பிவிடுங்கள்.