கெப்பாசிட்டர் சார்ஜ் ஏறுவதைக் கடிகாரம் வைத்துப் பார்ப்பது எப்படி

படிவம் ஆறு படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி, கெப்பாசிட்டர் (சார்ஜைத் தேக்கி வைக்கும் பாகம்) சார்ஜ் ஏறும் ஃபார்முலாவைக் காட்டி, "அண்ணே, இந்த 'ஈ' (e) எங்கேர்ந்து பறந்து வந்துச்சு?" என்றான். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, சுங்கை சிப்புட் டவுனில் போய் ஒரு 9 வோல்ட் பேட்டரி, கரண்டை மட்டுப்படுத்தும் 10 கிலோஓம் ரெசிஸ்டர் (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சுக் கோடு), 16 வோல்ட் தாங்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வாங்கிவரச் சொன்னேன். பழைய அம்ப்ளிஃபையரிலிருந்து பிடுங்க வேண்டாம், சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே சார்ஜ் தேங்கியிருக்கும், உதைக்கும்.

பேட்டரி ப்ளஸ்ஸிலிருந்து ரெசிஸ்டர், அடுத்து கெப்பாசிட்டரின் ப்ளஸ், அதன் மைனஸ் (உடம்பில் பட்டைக் கோடு போட்ட பக்கம்) பேட்டரி மைனஸுக்கு. மல்டிமீட்டரைக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களிலும் வைத்து, கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, அப்புறம் பேட்டரியை மாட்டுங்கள். எண் ஓடும் வேகத்துக்குக் கையால் எழுத முடியாது, அதனால்தான் வீடியோ.

10 வினாடியில் 5.7 வோல்ட். 20-இல் 7.8, 30-இல் 8.55. முதலில் பாய்ச்சல், பிறகு நத்தை. ஏன்? ரெசிஸ்டர் வழியாக ஓடும் கரண்ட், இன்னும் ஏற வேண்டிய மிச்ச வோல்ட்டைப் பொறுத்தது. மிச்சம் குறையக் குறைய கரண்டும் குறைகிறது. 9-லிருந்து ஒவ்வொரு எண்ணையும் கழித்துப் பாருங்கள்: 3.3, 1.2, 0.45. ஒவ்வொரு 10 வினாடிக்கும் முந்தைய மிச்சத்தில் 37 சதவீதம்தான் தங்குகிறது. அந்த 37, ஒன்றை 2.718-ஆல் வகுத்தது. தம்பியின் 'ஈ' அதுதான். அந்த 10 வினாடியும் சும்மா வரவில்லை, 10,000 ஓம் பெருக்கல் 0.001 ஃபாரட்.

தண்ணீர் டிரம் உதாரணம் சொல்வார்கள், எனக்குப் பிடிக்காது. அடியில் குழாய் வைத்த டிரம் ஒரு நேரத்தில் காலியாகிவிடும், இது கணக்குப்படி முழுசாக முடியவே முடியாது. 50 வினாடியில் 99 சதவீதம் தாண்டினால் 'நிறைந்தது' என்று வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

முதல் தடவை எனக்கு 5.7 வோல்ட் ஏற 10-க்குப் பதில் 12 வினாடி வந்தது, வயரிங்கைத்தான் திட்டினேன். இந்த வகைக் கெப்பாசிட்டரில் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் 20 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. பேட்டரியையும் அளந்துகொள்ளுங்கள், 8.7 காட்டினால் 8.7-லிருந்தே கழியுங்கள்.

காயிலிலும் (சுற்றிய கம்பிச் சுருள்) இதே வளைவுதான், ஆனால் ஏறுவது கரண்ட், அந்த 10 வினாடிக்கு இணையான நேரம் ஹென்றியை (காயிலை அளக்கும் அலகு) ஓமால் வகுத்தது. ரெசிஸ்டர் பெரிதானால் இங்கே சீக்கிரம் முடியும், கெப்பாசிட்டருக்கு நேர் எதிர். 1 ஹென்றி, 100 ஓம் என்றால் 0.01 வினாடி, மீட்டர் கண்ணைத் திறக்கும் முன்னே முடிந்துவிடும். காயிலை வெறும் கையால் கழற்றாதீர்கள்: ஓடிக்கொண்டிருந்த கரண்ட் சட்டென்று நிற்க மறுத்து வோல்ட்டை எகிற வைக்கும். ஒரு 12 வோல்ட் ரிலே (காயிலால் இயங்கும் சுவிட்ச்) என் விரலை அப்படித்தான் சுளீரென்று அடித்தது. காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு (கரண்டை ஒரே பக்கம் விடும் பாகம்) போடுங்கள், வெள்ளைக் கோடு ப்ளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் பேட்டரி நேராக ஷார்ட்.