ஜூன் மாத வகுப்புக்கு ஒரு புழு

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில் பாடத்தில் யாருக்கும் மனசு ஒட்டாது, அதனால் நான் கறிவேப்பிலைச் செடியில்தான் ஆரம்பிப்பேன். இலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள், நகர்ந்தால் அது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழுதான். கிளையோடு வெட்டி, வாயில் வலைத்துணி கட்டிய அகலமான டப்பாவில் வையுங்கள், ஏறிக்கொள்ள ஒரு குச்சியும். தினமும் புது இலை, கழிவைத் துடைப்பது, அவ்வளவுதான் வேலை. கடைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டாம், மருந்து அடித்திருந்தால் புழு செத்துவிடும். வளர்ந்து பச்சையானதும் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றமடிக்கும் (கடைசி பெஞ்சுக்குக் கொண்டாட்டம்). கூட்டுப்புழு ஆனபின் தொடாதீர்கள். ஏறக்குறைய 10 நாளில் பட்டாம்பூச்சி வெளிவரும், இறக்கை காய்ந்து விறைக்கும்வரை பொறுத்து, அப்புறம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.