ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு முதல்முறை போகிறீர்களா? சீட்டில் கவனம் வையுங்கள்

கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் புத்தாண்டு அன்று நடக்கும் ரோஸ் பவுல்தான் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம், சாக்கர் அல்ல) மூத்த பவுல் ஆட்டம், அதாவது சீசன் முடிவில் தேர்ந்த அணிகள் மோதும் ஆட்டம். முதல் ஆட்டம் 1902-இல்: மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. நான் இரண்டு முறை நேரில் போயிருக்கிறேன். முதல்முறை பாதி ஆட்டம் கண்ணிலேயே படவில்லை. அடுத்த முறை ஒன்றையும் விடாமல் பார்த்தேன். எல்லாம் டிக்கெட் எடுத்த விதத்தால் வந்த வித்தியாசம். விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: தேதி

ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் ஆட்டம் 2-ஆம் தேதி. 2023-இல் அப்படித்தான் நடந்தது. அதே நாள் காலையில் பூ அலங்கார வண்டிகளோடு நடக்கும் ரோஜா ஊர்வலத்துக்காக 1893-இல் வந்த வழக்கம் இது. தேவாலய வாசலில் கட்டியிருக்கும் குதிரைகள் மிரண்டு, வழிபாட்டுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று நாளை மாற்றினார்கள். விமான டிக்கெட் போடுமுன் காலண்டரைப் பாருங்கள்.

படி 2: எப்போது வாங்குவது

சாம்பியனைத் தீர்மானிக்கும் 12 அணி பிளேஆஃப் வந்தபின் 2025, 2026 இரண்டு ஆண்டும் இது காலிறுதி ஆட்டமாக நடந்தது. அதனால் ஆடப்போகும் இரு அணிகளும் யார் என்பது டிசம்பர் மூன்றாம் வாரம்தான் முழுசாகத் தெரியும். உங்களுக்கென்று ஓர் அணி இருந்தால் அதுவரை பொறுங்கள். யார் ஆடினாலும் சரி, அந்த மைதானத்தில் ஓர் ஆட்டம் பார்த்தால் போதும் என்றால் முன்னாடியே வாங்கிவிடலாம். என் விருப்பம் இரண்டாவதுதான்.

படி 3: சீட்

இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த பழக்கம், மைதானத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, நடுக்கோட்டுக்கு நேராகக் கீழிருந்து ஆறாவது வரிசையில் வாங்கினேன். விலையும் அதிகம். போய் உட்கார்ந்தால் எதிரே முதுகுகள்! ஒவ்வொரு கல்லூரியும் நூறு பேர் போல ஆட்டக்காரர்களைக் கூட்டி வரும். ஆடாதவர்கள் எல்லாரும் கோட்டோரம் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். ஆளுக்கு ஆறடி உயரம், தோளில் கவசம், கையில் ஹெல்மெட். 1922-இல் கட்டிய அரங்கம் இது. கீழ் வரிசைகளின் சரிவு மிகக் குறைவு. முன்னால் நிற்பவர் தலைக்கு மேலே பார்வை போகாது. பந்து தூரத்தில் விழுந்து, கூட்டம் கத்திய பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

ஆகவே 30-ஆவது வரிசைக்கு மேலே எடுங்கள். நடுக்கோட்டில் கீழ் வரிசையா, கோல் பக்கம் மேல் வரிசையா என்று வந்தால் யோசிக்காமல் மேல் வரிசைக்குப் போங்கள். உயரத்திலிருந்து பார்த்தால்தான் யார் எந்தப் பக்கம் ஓடுகிறார், எங்கே வழி திறக்கிறது என்பது புரியும். 1929-இல் இதே மைதானத்தில் கலிஃபோர்னியா அணியின் ராய் ரீகல்ஸ் பந்தைப் பொறுக்கிக்கொண்டு தன் கோலை நோக்கியே 65 யார்டு போல ஓடினார். பென்னி லோம் என்ற சக ஆட்டக்காரர் கத்திக்கொண்டே துரத்திப்போய், கோட்டுக்குச் சற்று முன்னால் பிடித்து நிறுத்தினார். கலிஃபோர்னியாவின் அடுத்த உதை தடுக்கப்பட்டு எதிரணியான ஜார்ஜியா டெக்குக்கு 2 புள்ளி. கடைசியில் 8-7 என்று அவர்களே ஜெயித்தார்கள். அன்று மேல் வரிசையில் இருந்தவர்களுக்கு அந்த ஓட்டம் முழுசாகத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, மேற்குப் பக்கம் எடுங்கள். கிழக்கில் உட்கார்ந்தால் மதிய வெயில் நேரே கண்ணில் அடிக்கும். மேற்கில் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இடப்பக்கம் திரும்பினால் சான் கேப்ரியல் மலை. ஐந்து மணி நெருங்கும்போது அந்த மலை முழுக்க ரோஜா நிறம் ஏறும். டிவியில் எத்தனையோ முறை பார்த்திருந்தும், நேரில் பார்த்தபோது ஸ்கோரையே மறந்துவிட்டேன்.

படி 4: போவது

கார் வேண்டாம் என்பேன். பார்க்கிங் பக்கத்து கோல்ஃப் மைதானப் புல்வெளியில்தான். உள்ளே போவது எளிது, ஆட்டம் முடிந்து வெளியே வருவதற்குள் இருட்டிவிடும். லாஸ் ஏஞ்சலிஸ் யூனியன் ஸ்டேஷனில் மெட்ரோ ஏ லைன் ரயில் பிடித்து மெமோரியல் பார்க் ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து சுமார் 2 மைல் நடை. பழைய பாசடீனாவிலிருந்து ஷட்டில் பஸ்ஸும் விடுகிறார்கள்.

படி 5: பை, போன்

உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பை மட்டும்தான், 12 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 12 அங்குல உயரத்துக்குள். டிக்கெட்டை வீட்டிலேயே போன் வாலட்டில் ஏற்றிவிடுங்கள். அத்தனை ஆயிரம் பேர் கூடும் வாசலில் சிக்னலை நம்ப முடியாது. அப்புறம் ஒரு ஸ்வெட்டர், கட்டாயம். வெயில் இறங்கியதும் குளிர் சட்டென்று வரும்.

இடைவேளையில் சாப்பாட்டு வரிசைக்கு ஓடாதீர்கள். இரண்டு கல்லூரி பேண்டுகளும் மைதானத்தில் இறங்கி வாசிப்பது அப்போதுதான்.

பிறகு சேர்த்தது: பல ஆண்டுகளாக மதியம் 2 மணிக்குத் தொடங்கிய ஆட்டம், 2026-இல் 1 மணிக்கே தொடங்கியது. பழைய பதிவுகளை நம்பாமல் உங்கள் டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பாருங்கள்.

ஸ்டேஷனிலிருந்து வயதான அப்பா அம்மாவோடு நடக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அரங்கம் அரோயோ செக்கோ என்ற பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. போகும்போது இறக்கம், சிரமம் தெரியாது. திரும்பும்போது இருட்டில் முழுக்க ஏற்றம். அவர்களுக்கு இரண்டு வழிக்கும் ஷட்டில்தான் சரி. கடைசி விசில் வரை இருந்தால் அதற்கும் நீண்ட வரிசை நிற்கும், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.