குறுந்தொகைக் குறிப்பேடு: வரைந்து, தைத்து, ஒட்டுவது

குறுந்தொகையில் 401 பாடல்கள். அத்தனைக்கும் படம் போட ஆசைப்பட்டால் ஏடு முடியாது. என் முதல் ஏடு பதினோராம் பாடலோடு நின்றுபோனது. மூன்று பாடல்கள் போதும்: 3, 25, 40.

100 ஜிஎஸ்எம் ஏ4 தாள் இருபது வாங்குங்கள். நான்கு நான்காக அடுக்கி நடுவில் மடித்தால், 16 பக்கத்துக்கு ஒரு ஃபாரமாக ஐந்து ஃபாரம் வரும். மடித்த கையோடு பென்சிலால் பக்க எண் போட்டுவிடுங்கள். பிரித்து வரையும்போது 1ஆம் பக்கமும் 16ஆம் பக்கமும் ஒரே தாளில் கிடக்கும். எண் இல்லாவிட்டால் படம் இடம் மாறிவிடும். தைப்பதற்கு முன்பே வரைந்து முடிக்க வேண்டும்.

25ஆம் பாடல் கபிலருடையது. தலைவியோடு கூடியதைத் தலைவன் பொய்த்தால் அவளுக்கு வேறு சாட்சி இல்லை. தினைத்தாள் போன்ற கால்களோடு ஒழுகுநீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற குருகுதான் இருந்தது. நான் அதை நம்மைப் பார்ப்பதுபோல் வரைந்துவிட்டேன். தமிழாசிரியையான அக்கா பார்த்துச் சிரித்தார்: "தம்பி, உன் குருகு சாட்சி சொல்லிவிடும்போல் இருக்கிறதே!" கண் தண்ணீரில்தான் இருக்க வேண்டும். பறவையைப் பக்கத்தின் அடியில் இரண்டு அங்குலத்துக்குள் அடக்குங்கள். மேலே எழுத இடம் வேண்டாமா?

3ஆம் பாடலின் குறிஞ்சிக்குக் காம்பு கறுப்பு மையில். 'கருங்கோல்' என்றே பாட்டு சொல்கிறது.

40ஆம் பாடலுக்குக் காதலர் உருவம் வேண்டாம், காலண்டர் படம் ஆகிவிடும். 'செம்புலப் பெயல்நீர்' பாட்டு அது, செம்மண்ணையே வண்ணமாக்கலாம். ஒரு கைப்பிடி மண்ணைத் தண்ணீரில் கலக்கி, அரை நிமிடம் விட்டு, மேல்கலங்கலை மட்டும் வேறு கிண்ணத்தில் ஊற்றுங்கள். மணல் அடியில் தங்கிவிடும். மறுநாள் தெளிந்த நீரை இறுத்துவிட்டு, ஊறவைத்த வேலம்பிசினைச் சேர்த்துக் குழையுங்கள். காய்ந்தபின் விரலில் ஒட்டினால் பிசின் போதவில்லை.

பிறகு தையல். முதுகு மடிப்பில் குத்தூசியால் ஐந்து துளை. பருத்தி நூலை மெழுகுவத்தியில் இழுத்துக்கொண்டால் சிக்காது. ஒவ்வொரு ஃபாரத்தின் கோடியிலும் முந்தையதன் தையலில் நூலைக் கோத்து இறுக்குங்கள். அட்டைக்கு மைதாப் பசை. பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்). அது விஷம், சமையல் பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள்.

ஒட்டியதும் இரவு முழுக்கப் பாரம் ஏற்றி வையுங்கள். என் வீட்டுத் தடித்த அகராதிகளுக்கு இப்போதெல்லாம் இதுதான் வேலை.